பேத்தி நோட்டு – 11: தரையிலிருந்து பார்த்தால்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் பேத்தியின் வாயிலிருந்து ஒரு புளியங்கொட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. ஆச்சி புளி உடைத்தது பங்குனியில். கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து, பட்டாசலைக் கழுவியும் விட்டாள். அதன்பிறகு தினம் இரண்டு வேளை பெருக்கல். அத்தனைக்கும் தப்பி ஒரு கொட்டை ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அதை எடுக்கப் பத்தரை மாதப் பிள்ளை வரவேண்டியிருந்தது.

(ஆச்சி என்பது என் மனைவி. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பேத்தி பிறந்தபிறகு வீட்டில் எல்லோருக்கும் அவள் ஆச்சிதான், எனக்கும்.)

பேத்தி ஏதோ மெல்லுகிறாள் என்று தெரிந்ததும் நான் செய்யப் போனது, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது. நல்லவேளை, அதற்குள் அவளே துப்பிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் போனபோது செவிலியர் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். கை நடுக்கத்தில் மறந்துபோனது. அவர் சொன்னதை இப்போது நோட்டில் எழுதி, அடுக்களைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன்.

பிள்ளை சத்தமாக இருமினால், அழுதால், மூச்சு போய்வருகிறது என்று பொருள். இருமட்டும், விட்டுவிடலாம். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கைமேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளுவது எல்லாம் எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்த வைத்தியங்கள். ஒன்றும் கூடாது. இதைப் படித்துக் கற்றுக்கொள்ளவும் முடியாது. அடுத்த ஊசிக்குப் போகும்போது பொம்மையில் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் காட்டுவார்கள்.

அன்று மத்தியானம் அவள் தூங்கிய நேரத்தில் நான் தரையில் இறங்கினேன். அறுபத்தேழு வயது, வலது முழங்காலில் தேய்மானம். தார்சாவில் தொடங்கி அடுக்களை வரை தவழ்ந்தே போனேன். ஆச்சி வாசலில் நின்று, "என்னத்தத் தேடுதீங்க?" என்றாள். "பிள்ளை என்னத்தப் பாக்குதோ அத" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். சொல்லவில்லை.

முப்பது வருடம் குடியிருந்த வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு, ஒரு திருகாணி. நிலையோரம் எறும்புக்குப் போட்ட சாக்பீஸ் கோடு, அவள் விரல் ஈரத்தில் பாதி அழிந்து கிடந்தது. கொசு மருந்து மெஷின் சொருகியிருக்கும் பிளக் என் கண்ணுக்குக் கீழே, அவள் கண்ணுக்கு நேரே. ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த பாட்டுப் பொம்மையின் பின்மூடி ஆடியது. உள்ளே சட்டைப் பித்தான் அளவு பேட்டரி. அந்த வட்ட பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். வயிற்றோடு போய்விடும் என்று காத்திருக்கக் கூடாத பொருள் அது. கடைசியாக, நாற்காலிக்காலை ஒட்டி ஒரு வெள்ளை மாத்திரை. எடுத்துப் பார்த்தேன். என்னுடைய பிரஷர் மாத்திரைதான். எவ்வளவோ பேரைக் கோபித்துக்கொண்ட நான் அதைச் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏழாம் மாதத்தில் இதெல்லாம் இங்கேதான் கிடந்திருக்கும். அப்போது அவள் எதையும் உள்ளங்கையோடு வாருவாள், பாதி நழுவிவிடும். ஒன்பதாம் மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடத் தொடங்கின. பூ தொடுக்கிறவர்கள் காம்பைப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி. எறும்பை எடுக்கிறாள், தலைமுடியை எடுக்கிறாள், என் காதோர நரையைத் தனியாகப் பிரித்து இழுக்கிறாள். டாக்டர் இதைப் பார்த்துவிட்டு நல்ல வளர்ச்சி என்று அட்டையில் குறித்தார். புளியங்கொட்டையும் அந்த வளர்ச்சியில் வந்ததுதான்.

சாப்பாட்டுச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று ஆச்சி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரு வாக்கியத்தில் மருத்துவ அறிவியலை முடித்தாள். இப்போது சமாதானம் ஆகிவிட்டது. பருப்பு வெந்ததும் பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் உப்புப் பானையைத் திறப்பது. தேன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவரவில்லை. "நம்ம பிள்ளைக்குச் சேனை வச்சதே தேன்தான, என்ன ஆயிட்டு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதாகாத குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். உடம்பைத் தளரவைத்து மூச்சுவரை கொண்டுபோகும். எல்லாப் பிள்ளைக்கும் வராது, வந்தால் தாங்காது. புட்டியைப் பரணில் வைத்தாயிற்று. மற்றபடி முளைகட்டிய கேழ்வரகு, முட்டை மஞ்சள் கரு, நாகர்கோவிலிலிருந்து சம்பந்தி வீட்டார் அனுப்பும் மட்டிப்பழம். பால் மட்டும் போதும் என்று இந்த வயதில் விட்டுவிடக் கூடாது, இரும்புச்சத்து போதாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் இது உண்டு. ஊட்டுகிறதில் பாதி தரைக்கும் கால்பங்கு என் வேட்டிக்கும் போகிறது என்பது தனிக்கதை.

எங்கள் வீட்டில் பெரிய விஷயம் காலை ஒன்பது மணி.

மகள் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். 2017-இல் திருத்திய சட்டப்படி 26 வாரம் பேறுகால விடுப்பு. பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் கழிந்துவிட்டதால், பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதும் போகவேண்டியதாயிற்று. தமிழக அரசு ஊழியராக இருந்தால் 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். ஒரே தெருவில் இரண்டு பெண்கள், இரண்டு கணக்கு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மகளின் கிளையில் ஒன்பது பேர். ஆகவே காப்பகம் நான்தான்.

ஐந்தாம் மாதத்தில் காப்பகம் நடத்துவது சுலபமாக இருந்தது. அம்மா கிளம்பினால் பிள்ளை சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மாறுவாள். பால்காரர் தூக்கினாலும் சிரிப்புதான். ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகு ஒருநாள், மகள் கைப்பையை எடுத்ததுமே உதடு பிதுங்கியது. மறுநாள் சேலை மடிப்பு வைக்கும்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் அழுகை தார்சாவைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டிருக்கும். பால்காரரைப் பார்த்தாலும் இப்போது அழுகை. அவருக்கு மனசு சங்கடம். நான் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தார்.

ஏன் இப்படி? முன்பு இல்லாத பயம் இப்போது எங்கிருந்து வந்தது? ழான் பியாஜே என்று சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரையும் தொட்டிலிலிருந்து பார்த்துக் குறிப்பெழுதிய மனிதர். (நோட்டுப் போட்டு எழுதுவதில் எனக்கு முன்னோடி.) அவர் கண்டது இது: ஒரு பொருளை மறைத்துவிட்டால் சின்னஞ்சிறு பிள்ளைகள் அதைத் தேடுவதில்லை. எட்டு, ஒன்பது மாதம் ஆனதும் தேடத் தொடங்குகிறார்கள். நானும் சோதித்துப் பார்த்தேன். மரச் செப்பு ஒன்றைத் துண்டால் மூடினேன். ஆறாம் மாதத்தில் இதையே செய்தபோது, செப்பு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது துண்டை உருவி எறிகிறாள்.

துண்டுக்கு அடியில் செப்பு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, வாசலுக்கு அந்தப்பக்கம் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்பதும் தெரியும். இருந்தும் வரமாட்டேன் என்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியாது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. சாயந்திரம் என்ற ஒன்று உண்டு என்பதே இன்னும் தெரியாது. அழாமல் என்ன செய்யும்?

ஆச்சியிடம் ஒரு பழைய வழி இருந்தது. புறவாசலுக்குத் தூக்கிப்போய்க் காக்காய் காட்டுவது. அதற்குள் மகள் முன்வாசல் வழியாக நழுவிவிடுவது. என் மகளை அப்படித்தான் வளர்த்தோம். வளர்த்தோம் என்று சொல்வதுகூட மிகை. வளர்த்தது ஆச்சி, நான் அப்போது நழுவிப்போகிறவர்கள் பக்கம். அந்த வழியில் ஒரு வாரம் போயிற்று. காலையில் அழுகை குறைந்தது. ஆனால் சாயந்திரம் வந்த மகளை விட்டுப் பிள்ளை இறங்கவே இல்லை. குளிக்கப் போனால் கதவில் தட்டல், ராத்திரி இரண்டு தடவை எழுந்து அம்மா இருக்கிறாளா என்று முகத்தைத் தடவிப் பார்ப்பது. எந்த நேரமும் காணாமல் போய்விடக்கூடிய அம்மாவை யார்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்?

இப்போது சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவசரமில்லாமல் ஒரு முத்தம், "அம்மா ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்" என்று ஒரே வாக்கியம், கிளம்பிவிட வேண்டும். வாசலில் நின்று திரும்பிவந்து மறுபடி கொஞ்சுவது கூடாது. நம் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்குவதில்லை; பெரியவர்கள் விடமாட்டார்கள். 'வாரேன்' என்பது பிள்ளை காதில் ஒருநாள் ஏறிவிடும் என்று நம்புகிறேன். முதல் நாள் பதினாறு நிமிடம் அழுதாள், சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். நேற்று நான்கு. நடுவில் ஒருநாள் ஞாயிறு முடிந்த திங்கள், மறுபடி பதினொன்று. ஏறி இறங்கித்தான் போகிறது.

மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். ராத்திரி போனில்தான் முகம் பார்ப்பது. ஒரு வயதுக்குள் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஊட்டுவதற்குப் போனை நீட்டுவதில்லை என்று நாங்களும் உறுதியாக இருக்கிறோம். ஆனால் அப்பாவை என்ன செய்ய? இவள் இப்போது யாருடைய போனைக் கண்டாலும் "ப்பா" என்கிறாள்.

இனி நடை. "என்ன அண்ணாச்சி, பேத்தி இன்னும் நடக்கலையோ? எங்க பய பத்து மாசத்துலயே ஓடிட்டாம்லா" என்று எதிர்வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை விசாரிக்கிறார். வருகிற ஆவணியில் இவளுக்கு ஆண்டு நிறைவு. அன்று மண்டபத்தில் நடந்துகாட்ட வேண்டும் என்று உறவுக்காரர்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. தனியாக நடப்பது எட்டு மாதத்தில் தொடங்கிப் பதினேழரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கைகால் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. நம் பிள்ளைத்தமிழ் பாடியவர்களும் ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம் என்று வைத்துவிட்டு, 'நடந்து வா' என்று அழைக்கும் வாரானையைப் பதின்மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் வைத்தார்கள். கேக் வெட்டுவதற்குள் நடந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது மண்டபக்காரராகத்தான் இருக்கும். பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வயதாகியும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை, ஒரு பக்கத்துக் கைகாலை மட்டும் இழுக்கிறது என்றால் அதுவரை காத்திருக்கவும் கூடாது.

எதிர்வீட்டுக்காரரே சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அன்புதான். ஆனால் எங்கள் தார்சாவுக்கும் தெருவுக்கும் நடுவே மூன்று படி. பிள்ளை அதில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தினால் நாம் எழுவதற்குள் படிக்குப் போய்விடும். நடையையும் அது சீக்கிரம் கொண்டுவருவதில்லை. கனடாவில் 2004-இல் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். மகளுக்குக் குற்றாலம் சீசன் கடையில் வாங்கிய மர நடைவண்டி மச்சில் கிடந்தது. இறக்கித் துடைத்து, ஆணிகளை இறுக்கி வைத்திருக்கிறேன். அதில் பிள்ளை தன் காலில் தானே நின்று தள்ள வேண்டும். நின்று பழகட்டும் என்று காத்திருக்கிறது வண்டி.

இப்போதைக்குப் பிடித்து நிற்கிறாள். கட்டில்கால், நாற்காலி, என் வேட்டி, எது கிடைத்தாலும். வெள்ளிக்கிழமை குளியலறைக் கதவு சாத்தாமல் இருந்தது. நான் போனபோது தண்ணீர் வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, உள்ளே தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் உடம்பின் கால்பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு தலை. குனிந்தால் தலைதான் முதலில் போகும், தானாக எழத் தெரியாது. நாலு விரற்கடைத் தண்ணீர் போதும், சத்தமும் வராது. தாமிரபரணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற எங்கள் தெருவில் வாளியும் குடமும் நிறைத்து வைக்காத வீடு கிடையாது. உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் ஒரு மூடிபோட்ட டிரம் வாங்கிவிட்டோம், வாளிகள் கவிழ்ந்து கிடக்கின்றன, கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் உங்கள் வாளியையும் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)