கரைவாகுப் பகுதியும் புறவழி வீதியும்

நகரின் நடுவே செல்லும் நெடுஞ்சாலையை ஊர்ப்புறமாகத் திருப்புதல் இன்று பல நாடுகளிலும் கையாளப்படும் முறையாகும். கொழும்பைச் சூழ்ந்த வெளிவட்ட அதிவேக நெடுஞ்சாலை 2019இல் முற்றுப்பெற்றது. ஆங்கு அதற்கு நிலம் இருந்தது; கல்முனையின் நிலை வேறு.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ-4 வீதி, அக்கரைப்பற்றுக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைத் தொடுத்துச் சென்று, கல்முனையிற் கடைத்தெருவாகவே ஆகிவிடுகின்றது. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல். புறவழி அமைப்பதாயின் வயலிலேதான் அமைத்தல் வேண்டும். விளைநிலம் குறைவது மட்டுமன்று. மாரி வெள்ளம் மேற்கிலிருந்து கடல்நோக்கி வடியும் தாழ்நிலம் அது. தெற்கு வடக்காக எழும் மேட்டுவீதி போதிய பாலங்களும் மதகுகளும் பெறாவிடின் அணையாகவே நிற்கும்.

இத்தகைய மறிப்பின் விளைவை அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 2013இல் திறக்கப்பெற்ற ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கே பெயரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; துறைமுக வாயில் தூர்ந்தது; வடக்கே தென்னங்காணிகளைக் கடல் அரித்தது. வணிகத் துறையாக அது தொழிற்படவுமில்லை.

வீதியின் இலக்கமும் சிறுபொருளன்று. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண சபைக்கும் உரியன. ஏ-4 என்னும் இலக்கம் புறவழிக்கு மாறிப் பழைய வீதி தரமிறங்குமாயின், கடைத்தெருவைப் பேணும் செலவு மாகாணத்தைச் சாரும். வழிப்போக்கரை நம்பிய கடைக்காரர்க்கோ, பஸ் வண்டிகள் எவ்வழியே செல்லும் என்பதே முதற்கவலை. தொலைவூர்ச் சரக்கு லொறிகளை மட்டும் புறவழியே திருப்பின் அவர்தம் வணிகம் பெரிதும் குன்றாது.