பழைய பவர் டில்லருக்குப் பெல்ட்டும் புல்லியும் பொருத்துவது எப்படி?

மெஷின் டிசைன் பரீட்சையில் வி-பெல்ட் கணக்கு வந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். சூத்திரம் மனப்பாடம், டேட்டா புக் கையில், மார்க் நிச்சயம். அதே கணக்கைப் படப்பைப் பக்கம் ஒரு கழனி வரப்பில், கையெல்லாம் கிரீஸாக, பெல்ட் மேல் இருந்த நம்பர் அழிந்துபோன நிலையில் போடச் சொன்னால்? என் மாமாவின் பழைய பவர் டில்லரோடு இரண்டு லீவு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று போனால் மனைப்பிரிவுக் கற்களுக்கு நடுவே இன்னும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நெல் வயல்கள் கண்ணில் படும். பெரிய டிராக்டர் உள்ளே நுழைய வழியில்லை, திரும்பவும் இடமில்லை. அங்கே பவர் டில்லர்தான் ராஜா. பெங்களூரில் 1967-ல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுறவோடு செய்ததும், கேரளத்தில் 1973-ல் தொடங்கப்பட்ட காம்கோ நிறுவனம் செய்ததும் நம் பக்கம் அதிகம். வயசாகிவிட்டதே என்று யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. உழவு முடிந்தால் அதே எஞ்சின் தண்ணீர் இறைக்க வேண்டும், கதிர் அடிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புல்லி, ஒரு பெல்ட். எது எதுக்கு என்று எங்கும் எழுதி இருக்காது.

முதலில் பெல்ட்டின் ஜாதகம். மேல் அகலமும் கனமும் பார்த்தால் வகை தெரிந்துவிடும். 13-க்கு 8 மி.மீ. என்றால் ஏ, 17-க்கு 11 என்றால் பி, 22-க்கு 14 என்றால் சி. டில்லர் வேலைகளுக்குப் பெரும்பாலும் பி வகை போதும். அதன் பக்கத்தில் வரும் எண், உள் சுற்றளவை அங்குலத்தில் சொல்வது. பி-55 என்றால் உள்ளே 55 அங்குலம், அதாவது 1397 மி.மீ. பாரிமுனை பெல்ட் கடையில் "என்னா சைஸு தம்பி?" என்று கேட்டால், பழைய பெல்ட்டின் முதுகில் நூல் சுற்றி அளந்த கணக்கைச் சொல்லக் கூடாது. 11 மி.மீ. கனமுள்ள பெல்ட்டுக்கு வெளிச் சுற்றளவு 69 மி.மீ. கூடுதல். கிட்டத்தட்ட 3 அங்குலம் நீளமான பெல்ட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் பீச் ரயில் ஏறவேண்டியதுதான்.

அடுத்தது புல்லி. வி-பெல்ட் புல்லியின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ஆப்பு போல இறுகிப் பிடிக்கிறது. 34 டிகிரி காடியில் பாதிக் கோணம் 17. அதன் சைன் மதிப்பு 0.292. உராய்வுக் கெழுவை இதனால் வகுத்துப் பாருங்கள், தட்டைப் பெல்ட்டைவிட சுமார் 3.4 மடங்கு பிடிப்பு வரும். இந்த லாபம் முழுக்கச் சுவரில்தான் இருக்கிறது. காடி தேய்ந்து, பெல்ட் கீழே இறங்கி, அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் ஆப்பு போச்சு. டார்ச் அடித்துப் பாருங்கள், காடியின் அடி பளபளவென்று மின்னினால் மாற்ற வேண்டியது புல்லியை. புது பெல்ட் போட்டுப் பயனில்லை.

லேத்தில் புல்லி கடையக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ட்டின் கோணம் 40 டிகிரி என்பதால் காடியையும் 40-க்கு வெட்டிவிடும் பட்டறைகள் உண்டு. பெல்ட் வளையும்போது உள்பக்கம் பிதுங்கி, கோணம் குறுகுகிறது. சின்ன புல்லியில் வளைவு அதிகம், குறுகலும் அதிகம். அதனால் பி வகைக்கு 190 மி.மீ. விட்டம் வரை 34 டிகிரி, அதற்கு மேல் 38. விட்டத்தை 125 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. பெல்ட் சீக்கிரம் வெடிக்கும்.

இப்போது பம்ப். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைப் பார்த்த எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஞ்சினில் 125 மி.மீ. புல்லி, ஓட்டம் 1800 சுற்று, பம்ப்பின் தகட்டில் 1500 சுற்று என்று வையுங்கள். 125-ஐ 1800-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் பம்ப்புக்கு 150 மி.மீ. புல்லி. மையத் தூரம் 500 மி.மீ. என்றால் பெல்ட் நீளம்: மையத் தூரத்தின் இரட்டிப்பு 1000, விட்டங்களின் கூடுதலை 1.57-ஆல் பெருக்கினால் 432, சிறு திருத்தம் ஒன்றும் இல்லாத அளவு. மொத்தம் 1432. இது பிட்ச் நீளம். பி வகைக்கு உள் நீளம் வேண்டுமானால் 43 கழிக்க வேண்டும். 1389 மி.மீ., அதாவது 54.7 அங்குலம். கடையில் கிடைப்பது பி-55. மிச்சம் 8 மி.மீ.க்குப் பம்ப்பை 4 மி.மீ. பின்னால் தள்ளினால் போதும். பம்ப்பின் அடித்தட்டில் நீள்துளை போடுவது இதற்காகத்தான்.

"150 புல்லி இல்லை, கையில இருக்கிற 125-ஐயே போடு, தண்ணி வேகமா வரட்டும்" என்பார்கள். இங்கேதான் உஷார். அப்போது பம்ப் 1800 சுற்று ஓடும், வேகம் 1.2 மடங்கு. ஆனால் சென்ட்ரிபியூகல் பம்ப் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறும். 1.2-ன் மும்மடி 1.73. முன்பு 5 குதிரைத்திறன் கேட்ட பம்ப் இப்போது 8.6 கேட்கும். 13 குதிரைத்திறன் எஞ்சின்தானே என்று நினைக்க வேண்டாம். அந்த 13, எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போது. 1800-ல் அது சுமார் 10-க்கு இறங்கிவிடும். எஞ்சின் கரும்புகை கக்கும், ஒற்றை பெல்ட் வழுக்கும், ரப்பர் வாடை அடிக்கும். எல்லோரும் பெல்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கதிரடி இயந்திரம் வேறு மாதிரி. தகட்டில் 600 சுற்று என்றால், 125-க்கு மூன்று மடங்கு, 375 மி.மீ. புல்லி. வேகம் கூடினால் நெல் உடையும். குறைந்தால் வைக்கோலிலேயே மணி நிற்கும். இவ்வளவு பெரிய புல்லியைப் பக்கத்தில் வைத்தால் சின்ன புல்லியை பெல்ட் அணைத்துக்கொள்ளும் கோணம் குறையும். விட்ட வித்தியாசத்தை மையத் தூரத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கி, 180-ல் கழியுங்கள். 500 மி.மீ. தூரத்தில் 150 டிகிரிதான் வருகிறது. பெல்ட்டின் திறனில் 8 சதவீதம் போச்சு. 750-க்குத் தள்ளினால் 160. கத்தையாகக் கதிரைத் திணிக்கும்போது வரும் அடியைத் தாங்க இரண்டு பெல்ட்டாவது போடுவது என் கட்சி.

இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். பழையது நீண்டிருக்கும், புதியது மட்டும் பாரத்தைச் சுமந்து அதுவும் சாகும். முழு செட்டாக, ஒரே கம்பெனி, ஒரே எண். எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பெல்ட்டுகளுக்கும் இதே விதி.

பழைய டில்லர்களில் எஞ்சினே மாறியிருப்பதும் உண்டு. 2400 சுற்றுக்கான உடம்பில் 2000 சுற்று எஞ்சினை ஏற்றினால், எஞ்சின் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்கினால்தான் கிளட்சுக்குப் பழைய வேகம் கிடைக்கும். புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்கும்போதே தகட்டைப் படித்துவிடுங்கள்.

மாட்டும்போது நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு புல்லியின் விளிம்பிலும் நான்கு இடத்தில் நூல் தொட வேண்டும். இறுக்கத்துக்கு, அரை மீட்டர் இடைவெளியில் நடுவே 2 முதல் 3 கிலோ அழுத்தம் கொடுத்தால் 8 மி.மீ. அமுங்குவது சரி. புது பெல்ட் கொஞ்ச நேரம் ஓடி உட்காரும், மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். வழுக்குகிறது என்று ரோசின் தடவும் பழக்கம் ரைஸ்மில் தட்டைப் பெல்ட் காலத்து மிச்சம், வி-பெல்ட்டுக்கு வேண்டாம்.

மூடி இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். 1800 சுற்றில் 125 மி.மீ. புல்லி மேல் பெல்ட் நொடிக்கு சுமார் 12 மீட்டர் பறக்கிறது. லுங்கி முனையோ முந்தானையோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. கதிரடி இயந்திரத்தில் கை இழந்தவர்கள் நாடெங்கும் இருந்ததால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. ஒரு கம்பி வலையும் நாலு நட்டும் பிடிக்கும் செலவு, பெல்ட் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

மாமாவின் டில்லர் கைப்பிடிக்குக் கீழே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்: "எஞ்சின் 125. பம்ப் 150, பி-55, தூரம் 504. கதிரடி 375, பி-90 இரண்டு, தூரம் 762. ஓட்டம் 1800."