கோப்புகளின் ஜாபிதா

திரையில் தோன்றும் படங்களைச் சுட்டியால் தொட்டே வேலை செய்து பழகியவர்கள், லினக்ஸ் கணிப்பொறியிலோ மாக் கணிப்பொறியிலோ டெர்மினல் என்னும் எழுத்துச் சாளரத்தை முதன்முறையாகத் திறக்கும்போது, ஒரு சொல்லைத் தவறாகத் தட்டிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் நாசமாகிவிடுமோ என்று தயங்குவது சகஜம். அவ்வாறு தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் கற்பிக்க விரும்பும் கட்டளை, எல், எஸ் என்ற இரண்டே ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆனது. எதையும் திருத்தாமல், எதையும் அழிக்காமல், நாம் நிற்கும் அடைவில் என்னென்ன கோப்புகளும் உள்ளடைவுகளும் இருக்கின்றன என்பதை மட்டும் வாசித்துச் சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், முர்ரே ஹில் என்னும் ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்ச்சியும் 1969-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கிய யூனிக்ஸ் இயக்க முறைமையைச் சேர்ந்தது இக்கட்டளை. 1971 நவம்பர் மாதத் தேதியிட்ட அதன் முதற்கையேட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. வினாடிக்குப் பத்து எழுத்துகளை மட்டுமே காகிதத்தில் பொறிக்க வல்ல டெலிடைப் யந்திரங்களின் முன் அமர்ந்து உழைத்தவர்கள், கட்டளைகளின் பெயர்களையும் அவற்றின் விடைகளையும் இயன்றவரை சுருக்கியதில் வியப்பில்லை. வெற்று அடைவில் இதனை இட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிவிடும். அங்கே ஒன்றும் இல்லை என்பதே அந்த மௌனத்தின் பொருள்.

யூனிக்ஸில் அடைவு என்பது, பெயர்களையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண்ணையும் குறித்து வைத்த ஜாபிதாவே. கோப்பின் அளவு, உடைமையாளர், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் முதலிய விவரங்களோ ஐநோடு எனப்படும் வேறொரு பதிவில், அந்த எண்ணின் கீழ்த் தனியே இருக்கின்றன. ஆகையால், கட்டளையை வெறுமனே இட்டால் பெயர்களை அகரவரிசையில் காட்டுவதோடு நிற்கும் இது, ஓர் இடைவெளி விட்டுச் சிறு கோடும் எல் என்ற எழுத்தும் சேர்த்து இடும்போது, ஒவ்வோர் எண்ணையும் பின்பற்றிச் சென்று அதற்குரிய பதிவையும் வாசித்து, கோப்புக்கு ஒரு வரியாக விரித்து எழுதுகிறது.

அவ்வரியின் முதற் பத்துக் குறிகளைக் கண்டு மலைப்பவர் பலர். முதற்குறி கோடாயின் சாதாரணக் கோப்பு. டி ஆயின் அடைவு. எஞ்சிய ஒன்பதும் மும்மூன்றாகப் பிரிந்து, உடைமையாளருக்கும், கோப்புக்குரிய குழுவினருக்கும், ஏனையோருக்கும் உள்ள அதிகாரங்களை முறையே உரைக்கின்றன. ஆர் என்றால் வாசிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். கோடு நின்ற இடத்தில் அவ்வதிகாரம் இல்லை.

புள்ளியில் தொடங்கும் பெயர்களை இக்கட்டளை காட்டாமல் விடுவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒவ்வோர் அடைவிலும், அதனையே குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், அதன் தாயடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் பெயர்களாகவே பதிவாகியிருக்கின்றன. அவ்விரண்டையும் தவிர்க்க எண்ணியவர், முழுப் பெயரையும் ஒப்பிடாமல் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் சோதிக்கும்படி நிரலை எழுதிவிட்டதனால், புள்ளியில் தொடங்கும் பெயர்கள் யாவுமே மறைந்துபோயின என்று, பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் கூறியிருக்கிறார். பின்வந்த நிரலாளர்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளை அம்மறைவிலேயே குவிக்கத் தொடங்கவே, தற்செயலாய் நேர்ந்தது சம்பிரதாயமாகிவிட்டது. தம் அடைவில் சேர்ந்து கிடப்பதை உரியவரே அறியாதபடி செய்யும் இந்த வழக்கத்தைச் சௌகரியம் என்று பாராட்ட என் மனம் ஒப்பவில்லை. கோட்டோடு ஏ என்ற எழுத்தைச் சேர்த்து இட்டால் மறைந்தவை அனைத்தும் வெளிப்படும். ஆரம்பத்திலிருந்தே அப்படிப் பார்த்துப் பழகுவது உத்தமம்.

அழித்தற்குரிய ஆர்எம் என்னும் கட்டளை, நீக்கிய கோப்பைக் குப்பைத்தொட்டியில் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. ஆதலால், நட்சத்திரக் குறியைக் கொண்டு பல கோப்புகளை ஒருங்கே அழிக்க முற்படும்போது, அதே குறியை முதலில் எல்எஸ் கட்டளையோடு இட்டு, எந்தெந்தப் பெயர்கள் அதில் அகப்படுகின்றன என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே அழிக்கத் துணியுங்கள்.