எத்தனை பாயிண்ட்?

பெருந்துறைப் பக்கம் குழந்தைக்கு ரத்தம் பார்த்துவிட்டு வரும் தாயிடம், "எத்தன பாயிண்ட் இருக்குதுங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்பது என்றால் முகம் வாடும், பதினொன்று என்றால் நிம்மதி. அந்தப் பாயிண்ட் ஹீமோகுளோபின்: 100 மி.லி. ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு. உடம்பில் இரும்பு எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது.

தாய் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவரும் இரும்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். குறைமாதப் பிள்ளைக்கு அதுவும் தாங்காது. அதற்குமேல் இணை உணவு தொடங்காமல் இருந்தாலோ, பசும்பாலிலேயே வயிற்றை நிரப்பினாலோ, கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள கையிருப்பு முதலில் கரையும். குதிரில் நெல் தீர்ந்த பிறகும், பானையில் அரிசி உள்ளவரை உலை கொதிக்கத்தானே செய்யும்? ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். வளரும் மூளைக்கும் இரும்பு வேண்டும் என்பதால், அந்த இடைவெளிக் காலம் லேசானதல்ல.

முதலில் அந்தப் பாயிண்டைத் தரும் ரத்தச் சொட்டைப் பார்ப்போம். ஒரு வயதுக்குள் இருந்தால் பெரும்பாலும் குதிகாலில் குத்துவார்கள், அதற்குமேல் விரலில். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அடுத்தது தானாகத் திரண்டு வர வேண்டும். குழந்தை கத்துகிறது, கையை இழுக்கிறது, சொட்டு வரவில்லை என்று விரலைப் பிசைந்தால் திசு நீரும் கலந்துவிடும், எண் தப்பாகும். முன்பெல்லாம் சாலி முறை: ரத்தத்தில் அமிலம் சேர்த்து, பழுப்பு நிறமானதும் நீர் விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடுவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கும் அறை வெளிச்சத்துக்கும் தகுந்தாற்போல் முடிவு மாறும். இப்போது சின்னத் தகடு சொட்டை உறிஞ்சிக்கொள்ள, மீட்டர் அதனூடே ஒளியைச் செலுத்தி ஒரு நிமிடத்துக்குள் எண்ணைக் காட்டுகிறது. 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டம் இத்தகைய மீட்டர்களைத்தான் பரிந்துரைத்தது.

ஆனாலும் விரல் சொட்டும் நரம்பில் எடுக்கும் ரத்தமும் ஒன்றல்ல. 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வு விரலில் எடுத்துப் பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் சுமார் 59 சதவீதத்தினருக்கு ரத்த சோகை என்றது. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்பில் எடுத்தது. ஒன்று முதல் நான்கு வயதினரில் 41 சதவீதம் என்றது. வயதுக் கணக்கு கொஞ்சம் வேறு, என்றாலும் இடைவெளி பெரிது. இந்த இரண்டாவது ஆய்வு, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் அளந்தது. இரும்புக் குறைவு 32 சதவீதத்தினருக்கு. தமிழ்நாட்டில் 2019–21 குடும்ப நல ஆய்வு சொன்ன 57.4 சதவீதத்தையும் நான் இந்த எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

ஐந்து வயதுக்குள் ஃபெரிட்டின் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்தது என்று பொருள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல், சளி, காசநோய் என்று எந்தத் தொற்று இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறிவிடும்; இரும்பு இல்லாத குழந்தைக்கும் இருப்பதாகக் காட்டும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி வளாகம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம். அங்கே படுத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே நம்பியிருக்க முடியாது. அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தொற்று இருந்தால் ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்பதே குறைவு.

எல்லாக் குழந்தைக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன், செலவும் கூடுதல். பாயிண்ட் குறைந்திருந்தால் மருத்துவர் எடைக்குத் தக்க அளவில் இரும்பு டானிக் கொடுத்துப் பார்ப்பார். ஒரு மாதத்தில் ஒரு பாயிண்டாவது ஏறினால் அதுவே பதில். பாயிண்ட் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் டானிக் தொடரும். ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் சிவப்பணுக்களின் அளவையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அளவு சிறிதாக, எண்ணிக்கை மட்டும் தாராளமாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியாச் சுவடோ என்று சந்தேகிப்பார்கள். அப்போது அடுத்த ஊசி அப்பா, அம்மா கையில்.