மோசேயின் கனத்த கைகள்

நெட்சாக் என்ற எபிரேயச் சொல்லுக்கு நிலைபேறு, வெற்றி, என்றென்றும் என்று பல பொருள். யூத மறைஞான மரபான கபாலாவில், எல்லையற்ற இறைவன் வெளிப்படும் பத்து செஃபிரோத்தில் அது ஏழாவது. செஃபிரோத்தை மனித உடலாக உருவகிப்பது வழக்கம். அன்பு வலக்கை, கண்டிப்பு இடக்கை. நெட்சாக் வலது கால். இடது கால் ஹோத். மகிமை என்பது நேர்ப்பொருள், பணிவு என்றும் விளக்குவார்கள். தலையில் உதித்த எண்ணம் காரியமாக வேண்டுமானால் கால் நடந்தாக வேண்டும். ஒற்றைக்காலில் நடக்க முடியாதே, அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோஹார், தீர்க்கதரிசனம் இவ்விரண்டிலிருந்தும் ஊறுவதாகச் சொல்கிறது.

நெட்சாக்குக்கு உரியவர் மோசே. ஹோத்துக்கு அவருடைய அண்ணன் ஆரோன். முணுமுணுத்துக்கொண்டே வந்த இஸ்ரவேலர் கூட்டத்தை 40 ஆண்டு பாலைவனத்தில் நடத்தியவர் மோசே. அந்த உறுதி எப்படிப்பட்டது என்பதை யாத்திராகமத்தின் 17ஆம் அதிகாரம் காட்டுகிறது. ரெவிதீமில் அமலேக்கியரோடு போர். கீழே யோசுவா சண்டையிட, குன்றின் மேல் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருந்தால் இஸ்ரவேலர் கை ஓங்கும். தாழ்ந்தால் எதிரியின் கை. நேரம் ஆக ஆகக் கை கனக்கிறது. உட்காரக் கல் ஒன்றைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் தாங்கிப் பிடிக்க, சூரியன் சாயும்வரை கை அசையவில்லை. தாங்கியவர்களில் ஒருவர் ஆரோன், அதாவது ஹோத். கபாலா தெரிந்து படிப்பவர் இதைக் கவனிக்காமல் போகமாட்டார்.

நெட்சாக்கின் வேரில் பிறந்த இன்னொரு சொல் மெனட்செயாக். எஸ்றா புத்தகத்தில் லேவியர்கள் ஆலய வேலையை மேற்பார்த்ததைச் சொல்லும் வினையும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். 55 சங்கீதங்களின் தலைப்பில் வரும் மெனட்செயாக் என்ற சொல்லைத் தமிழ் பைபிள் ‘இராகத்தலைவன்’ என்கிறது. இன்றைய எபிரேயத்தில் வென்றவரும் மெனட்செயாக், இசைக்குழுவை நடத்துபவரும் மெனட்செயாக். வேலை முடியும்வரை கூடவே நிற்பவரைத் தலைவர் என்று அழைக்க அந்த மொழி வேறு சொல் தேடவில்லை.

பஸ்காவின் இரண்டாம் இரவில் தொடங்கி 49 நாள் எண்ணும் ஓமேர் காலத்தில், 22 முதல் 28 வரையிலான நாள்கள் நெட்சாக்குக்கு உரியவை. அதிலும் 26ஆம் நாள் நெட்சாக்குக்குள் ஹோத்: தான் விடாமல் நிற்பது காரியத்துக்காகவா, வீம்புக்காகவா என்று கேட்டுக்கொள்ளும் நாள். எண்ணும் முறையும் கறாரானது. ஒரு நாள் முழுக்க எண்ண மறந்தவர் மறுநாள் தொடரலாம். ஆனால் எண்ணுவதற்கு முன் சொல்லும் ஆசி மொழியை, மிச்ச நாள்களில் அவர் சொல்வதில்லை.