விடுபட்ட ஓராண்டு: மருத்துவக் கல்லூரி மனுவில் என்ன சொல்வது?

இன்டர்மீடியட் முடிவும் 'நீட்' முடிவும் வெளியாகும் நாட்களில் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். "இந்தத் தடவை மார்க் போதவில்லை. இன்னும் ஒரு வருடம் லாங் டெர்ம் படிக்கட்டும்" என்பார் தகப்பனார். "ஒரு வருடம் சும்மா இருந்தாயே, ஏன் என்று காலேஜில் கேட்டால் என்ன பதில் சொல்வது?" என்று தாயார் கவலைப்படுவார். உடல்நலக் குறைவால் படிப்பை நிறுத்திய பிள்ளை, தந்தையை இழந்து கடையைப் பார்த்துக்கொண்ட பையன், வீட்டு நிலைமையால் இரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்ட பெண் என்று பலருக்கும் இதே கவலை உண்டு.

இந்தக் கவலையில் பாதி தேவையற்றது. மறு பாதி மிகவும் தேவையானது. எது எது என்று பிரித்து அறியாததால்தான் பலர் இடத்தைக் கோட்டை விடுகிறார்கள். படிப்பில் விழுந்த இடைவெளி யாருக்கும் மருத்துவக் கல்லூரிக் கதவை மூடுவதில்லை. அந்த இடைவெளியின்போது மாணவர் எந்த ஊரில் இருந்தார் என்பதற்குக் காகிதம் இல்லாமல் போவதுதான் கதவை மூடுகிறது. எல்லை ஓரத்தில் வாழும் நம்மவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

வயதும் தடையில்லை, தடவையும் தடையில்லை

முதலில் தேவையற்ற கவலையைப் போக்கிக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். சேர, அந்த ஆண்டு டிசம்பர் 31-ம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு ஒரு காலத்தில் இருந்தது. பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வைத்திருந்தார்கள். கோர்ட்டு வழக்குகள் பல நடந்தன. கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த முடிவின்படி 2022-ல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஒடிசா மாநிலத்தில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2020-ம் ஆண்டு தமது 64-வது வயதில் அரசு மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்த செய்தியைப் பலர் படித்திருக்கலாம். அவருக்கே இடம் உண்டென்றால், இருபது வயதுப் பிள்ளைக்கு என்ன தயக்கம்?

'நீட்' எழுத இத்தனை தடவைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. இன்டரில் உயிரியல் எடுக்காமல் போனவர்கள்கூடப் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் 'நீட்' எழுதலாம் என்று 2023 நவம்பரில் ஆணையம் அறிவித்தது. ஆகவே "ஏன் தாமதம்?" என்பது ஒருவரைத் தள்ளிவிடுவதற்கான கேள்வி அல்ல.

நான்கு ஆண்டுக் கணக்கு

இனி, தேவையான கவலைக்கு வருவோம். ஆந்திர மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் உள்ளூர் மாணவர்களுக்கு என்று 1974-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு வகுத்திருக்கிறது. சித்தூர், கடப்பா, அனந்தப்பூர், கர்நூல், நெல்லூர் ஆகிய பழைய மாவட்டங்கள் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரத்தைச் சேர்ந்தவை. 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் இந்த வட்டாரம் அதேதான். 1960-ல் தொடங்கிய திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளை சேர விரும்பினால், "உள்ளூர்" என்று நிரூபிப்பதே முதல் படி.

உள்ளூர்க்காரர் யார்? இங்கே பிறந்தவர் என்றோ, இங்கே வீடு வைத்திருப்பவர் என்றோ உத்தரவு சொல்லவில்லை. தகுதித் தேர்வை, அதாவது இன்டரை, முதல் முறை எழுதிய ஆண்டோடு முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் இந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். ஒன்பதாவது, பத்தாவது, இன்டர் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்பதுதான் வழக்கமான கணக்கு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. இன்டர் முடித்த பிறகு விழும் இடைவெளி உள்ளூர்த் தகுதியைத் தொடுவதே இல்லை. லாங் டெர்ம் படிக்க எந்த ஊருக்குப் போனாலும், எத்தனை வருடம் போனாலும், கணக்கு இன்டரோடு முடிந்துவிட்டது.

இன்டருக்கு முன்னால் விழும் இடைவெளிதான் சிக்கலானது. பத்தாவது முடித்துவிட்டு ஒரு பிள்ளை நோயில் படுத்து, ஒரு வருடம் எங்குமே படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுப் படிப்பு தொடர்ச்சியாக இல்லை. ஆனால் உத்தரவு அவரைக் கைவிட்டுவிடவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் முழுமையாகவோ ஒரு பகுதியிலோ எந்தப் பள்ளியிலும் படிக்காதவர், தகுதித் தேர்வு தொடங்கிய தேதிக்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் இந்த வட்டாரத்தில் குடியிருந்தார் என்று காட்டினால் போதும். அதற்குத்தான் தாசில்தார் தரும் குடியிருப்புச் சான்று. 'சும்மா இருந்த' அந்த வருடத்துக்கு இந்த ஒரு காகிதம்தான் சாட்சி.

விஜயவாடா வேறு, வேலூர் வேறு

சித்தூரிலிருந்து விஜயவாடா 400 கிலோமீட்டருக்கும் மேல். வேலூர் 40 கிலோமீட்டருக்குள். ஆனால் இந்த விதியின் கண்ணில் வேலூர்தான் அதிக தூரம்!

எப்படி என்று பாருங்கள். ஒரு மாணவர் ஆறாவது முதல் பத்தாவது வரை சித்தூரில் படித்து, இன்டர் இரண்டு ஆண்டும் விஜயவாடாவில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். விஜயவாடா ஆந்திரா பல்கலைக்கழக வட்டாரம். நான்கு ஆண்டு ஒரே வட்டாரத்தில் இல்லை. ஆயினும், மாநிலத்துக்குள் தொடர்ச்சியாக ஏழு ஆண்டு படித்தவரை, அதில் அதிக காலம் படித்த வட்டாரத்துக்கு உள்ளூராகக் கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. சித்தூரில் ஐந்து ஆண்டு, விஜயவாடாவில் இரண்டு ஆண்டு. அவர் நம் வட்டாரத்துக்காரராகவே இருக்கிறார்.

நகரியில் பத்தாவது முடித்த மாணவி ஒருத்தி, தமிழ் வழியிலேயே தொடர வேண்டும் என்ற ஆசையில் திருத்தணியில் பிளஸ் டூ படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், வீடு நகரியில்தான். அவள் படிப்பில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. ஆனால் நான்கு ஆண்டுக் கணக்கும் பொருந்தவில்லை, ஏழு ஆண்டுக் கணக்கும் பொருந்தவில்லை. வேறு மாநிலப் பள்ளியில் படித்த காலம் இங்கே கணக்கில் வராத காலம்.

சரி, தமிழ்நாட்டில் கேட்கலாமே என்றால், அங்கே ஆறாவது முதல் பிளஸ் டூ வரை தமிழகத்திலேயே படித்திருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் பூர்வீகத்தைக் காட்டும் சான்று வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் சட்டமாக வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் ஆறாவது முதல் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே. நம் மாணவி இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்கிறாள். குடிப்பாலா, சத்யவேடு, குப்பம் பக்கத்துப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளி மாற்றும் முன்பே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தெலங்கானாவில் 2024 ஜூலையில், பிளஸ் டூவோடு முடியும் கடைசி நான்கு ஆண்டும் மாநிலத்திலேயே படித்திருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். இன்டருக்காக வேறு மாநிலம் போன பிள்ளைகளின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அரசின் விதியே செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இப்படி நடுவில் நிற்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகிறது. அதில் எந்த ஊர், எந்தப் பள்ளி என்ற கேள்வி இல்லை. ஆந்திரமும் 2018 முதல் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் போட்டி என்பதால் மார்க் அதிகம் வேண்டும்.

சான்றில் என்ன எழுதுவது?

இடைவெளிச் சான்று என்பது பெரும்பாலும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கும் ஓர் உறுதிமொழிதான். கடைசியாகத் தேறிய தேர்வு, ஆண்டு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை படிப்பு இல்லை, என்ன காரணம், அந்தக் காலத்தில் வேறு எங்கும் சேரவில்லை என்ற உறுதி, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். நாலு வரியில் முடித்துவிடலாம். கதை வேண்டாம், கண்ணீர் வேண்டாம், தேதி வேண்டும்.

காரணத்துக்கு ஆதாரம் இணைப்பது நல்லது. நோய் என்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. லாங் டெர்ம் என்றால் கட்டிய பணத்தின் ரசீதும் முந்தைய 'நீட்' மதிப்பெண் தாளும். வேலை பார்த்திருந்தால் வேலைக்கு வைத்திருந்தவரின் கடிதம். நடுவில் பி.எஸ்ஸி.யிலோ பல் மருத்துவத்திலோ சேர்ந்து விட்டிருந்தால் அது இடைவெளியே அல்ல, படிப்பு. அந்தக் கல்லூரியிலிருந்து டி.சி. வாங்கித்தான் ஆக வேண்டும். அதை மறைத்து "வீட்டில் இருந்தேன்" என்று எழுதுவது பின்னால் பெரும் தொல்லை தரும்.

சில புரோக்கர்கள், "அந்த ஒரு வருடத்துக்கு ஒரு ஸ்கூலில் படித்ததாகச் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்பார்கள். கிட்டவே சேர்க்காதீர்கள். படிக்காத ஆண்டைப் படிக்கவில்லை என்று சொன்னால் ஒரு குடியிருப்புச் சான்றோடு முடியும். படித்ததாகப் பொய் சொன்னால், கிடைத்த இடமும் போய் வழக்கும் வரும்.

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு மனுச் செய்பவர், கல்லூரிக்கு வெளியே தாம் செய்த பணிகளையும் பெற்ற அனுபவங்களையும் 15 வரை வரிசைப்படுத்திச் சொல்லலாம். பட்டம் பெற்று ஓரிரு ஆண்டு ஆஸ்பத்திரியிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு வருவது அங்கே சர்வசாதாரணம். 'அந்த வருடத்தில் என்ன கற்றாய்?' என்பது அவர்கள் கேள்வி. 'அந்த வருடத்தில் எங்கே இருந்தாய்?' என்பது நம் ஊர்க் கேள்வி. இரண்டுக்கும் உண்மையான பதில் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் படிப்புச் சான்றைப் பள்ளியிலிருந்து வாங்கி ஒரே கவரில் போட்டு வையுங்கள். எந்த ஆண்டுக்குக் காகிதம் இல்லையோ, அந்த ஆண்டுக்குரிய குடியிருப்புச் சான்றுக்கு மீ சேவா மையத்தில் மனுக் கொடுத்துவிடுங்கள். கவுன்சலிங் நெருங்கும்போது தாசில்தார் ஆபீசில் கூட்டம் அலைமோதும். ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் சுகாதாரப் பல்கலைக்கழகம் வெளியிடும் அறிவிப்பையும் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள், விதிகள் மாறுவதுண்டு. பிள்ளை அடுத்த தேர்வுக்குப் படிக்கட்டும். கவரை நிரப்புவது வீட்டில் உள்ள பெரியவர்களின் வேலை.