பிஜித் தீவில் ஒரு மாத ஆட்சி!

காலை பத்து மணி. சூவா நகரில் பாராளுமன்றம் கூடியிருக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். பார்வையாளர் வரிசையிலே ஓர் இராணுவ அதிகாரி, பட்டாள உடுப்பு இல்லாமல், ஊரார் போல உட்கார்ந்திருக்கிறார். திடீரெனக் கதவு திறக்கிறது. முகமூடி போட்ட பத்துச் சிப்பாய்கள்! கையிலே துப்பாக்கி! பிரதம மந்திரியும், அவருடைய சகாக்களும் இராணுவ லாரியில் ஏற்றப்படுகிறார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்தவர் எழுகிறார். லெப்டினன்ட் கர்னல் ரம்புக்கா! இனி ஆட்சி அவர் கையில்.

1987ம் ஆண்டு மே மாதம் 14ம் நாள் நடந்தது இது. பதவியேற்று ஒரே மாதம் ஆன மந்திரி சபை, ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஒழிந்தது.

ஏன் கவிழ்த்தாய் என்று கேட்டதற்கு என்ன விடை வந்தது? "இந்தியர் ஆட்சி வந்துவிட்டது, மண்ணின் மக்களுடைய நிலம் பறிபோகிறது" என்பதுதான். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் 'இனச் சண்டை' என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டு, வேறு சேதிக்குப் போய்விட்டன.

தோழர்களே, அந்த இரண்டு வார்த்தையை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். லாரியில் ஏற்றப்பட்ட அந்தப் பிரதம மந்திரி யார் தெரியுமா? டாக்டர் திமோத்தி பவந்த்ரா. இந்தியர் அல்ல. தவுக்கேய், அதாவது மண்ணின் மைந்தர், என்று அங்கே சொல்கிறார்களே, அந்த மரபிலே வந்தவர். சர்க்கார் வைத்தியர், சர்க்கார் ஊழியர் சங்கத்தின் தலைவர். 1985-ல் தொழிற்சங்கக் காங்கிரஸ் முன்னின்று துவக்கிய தொழிற்கட்சிக்கு அவர்தான் தலைவர். இந்தியக் கரும்பு விவசாயிகளின் ஆதரவு பெற்ற தேசிய சமஷ்டிக் கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து, 52 இடங்களில் 28 இடத்தைப் பிடித்தார். 1970-ல் விடுதலை பெற்ற நாளாகப் பதினேழு வருஷம் ஆண்ட ராத்து மாரா, அந்த ஏப்ரல் மாதம் தோற்றார். 'ராத்து' என்றால் பரம்பரைத் தலைவர், நம் ஊர் ஜமீன்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் பறிபோகிறது என்றார்களே, அது நடக்கக்கூடியதா? அந்நாட்டு நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல், 'மதங்கலி' என்னும் குலங்களுக்குச் சொந்தம். விற்க முடியாது, வாங்க முடியாது. அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால், மேல்சபையிலே பரம்பரைத் தலைவர்களின் மகாசபை நியமித்த எட்டுப் பேரில் ஆறு பேராவது அன்று சம்மதிக்க வேண்டியிருந்தது. பவந்த்ராவே ஆசைப்பட்டிருந்தாலும் ஒரு குழி நிலத்தை மாற்றியிருக்க முடியாது! அத்தோடு, நில இலாகாவை அவர் கொடுத்ததும் ஒரு தவுக்கேய் மந்திரியிடமே.

பின் எது பறிபோகவிருந்தது?

அதற்கு நிலக் குத்தகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். குலத்து நிலத்தை நிர்வகிக்க வெள்ளையர் காலத்தில், 1940-ல், ஒரு வாரியம் ஏற்பட்டது. இந்திய விவசாயி நூறு ரூபாய் குத்தகை கட்டுகிறான் என்று வையுங்கள். (அங்கே டாலர், நமக்குப் புரிய ரூபாய்.) நிர்வாகச் செலவென்று 25 ரூபாயை வாரியம் எடுத்துக்கொள்ளும். மீதி 75-ல், மூன்று படியிலே உள்ள தலைவர்களுக்கு 22 ரூபாய் 50 காசு. மிச்சம் 52 ரூபாய் 50 காசைக் குலத்திலுள்ள அத்தனை குடும்பமும், கைக்குழந்தை வரை, பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாடுபட்டவன் இந்தியன், நிலத்துக்குச் சொந்தக்காரன் ஏழைத் தவுக்கேய். இருவருக்கும் நடுவிலே கணக்குப் பிள்ளையும் பண்ணையாரும்!

பரம்பரைத் தலைவர் சொல்வதே வேதவாக்கு என்றிருந்த நாட்டில், தவுக்கேய் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். முந்திய ஆட்சியின் ஊழலை அம்பலப்படுத்துவோம் என்ற கட்சிக்கு, அணு ஆயுதக் கப்பலைத் துறைமுகத்தில் விடமாட்டோம் என்ற கட்சிக்குப் போட்டார்கள். பயம் அங்கேதான் பிறந்தது.

இந்த ஒற்றுமை திடீரென்று முளைத்ததல்ல. 1959 டிசம்பரில் சூவாவில் எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக. இரண்டு இனத்தவரும் ஒரே சங்கம், ஒரே வரிசை! கண்ணீர்ப்புகை, ஊரடங்குச் சட்டம், பட்டாளம் எல்லாம் வந்தன. கல்லெறி விழுந்ததும் பெரும்பாலும் துரைமார் கடைகளின் கண்ணாடி மீதுதான். துரைமாருக்குத் தூக்கம் போயிற்று. உடனே பரம்பரைத் தலைவர்கள் ஆல்பர்ட் பூங்காவில் கூட்டம் கூட்டி, தம் மக்களை விலகி நிற்கச் சொன்னார்கள். கூலித் தகராறை இனத் தகராறாக்கும் வித்தை அன்றே அரங்கேறியது.

அந்த வேலை நிறுத்தத்தை நடத்திய தலைவர்கள் இருவர். ஒருவர் ஜேம்ஸ் அந்தோணி. மற்றவர் அப்பிசாய் தோரா, தவுக்கேய். இந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இந்தியன் அங்கே எப்படிப் போனான்? 1874-ல் தீவைப் பிடித்தது பிரிட்டன். மறு வருஷம் அம்மை வந்து ஆயிரம் ஆயிரமாய் ஜனங்கள் மாண்டார்கள். கவர்னர் கார்டன் துரை, தவுக்கேய் மக்கள் அவரவர் கிராமத்திலேயே தலைவர்களின் கீழ் இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, கரும்புக்கு ஆள் பிடிக்க இந்தியா பக்கம் திரும்பினார். ஒரு ஜனத்தைக் கிராமத்தில் கட்டிப்போட்டான், இன்னொரு ஜனத்தைத் தோட்டத்தில் கட்டிப்போட்டான். இருவரும் சந்திக்கவே கூடாது! முதற் கப்பல் 'லியோனிடாஸ்' 1879-ல் லெவூக்கா துறைமுகம் வந்தது. 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் அளந்து விட்ட வேலையை முடித்தால்தான். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் புறப்பட்டது. வட ஆற்காடு, செங்கற்பட்டு ஆட்களெல்லாம் அப்படிப் போனவர்களே. பாரதி கண்ணீர் வடித்துப் பாடிய கரும்புத் தோட்டம் இதுதான். அந்த முதற்கப்பல் வந்த தேதியும் ஒரு மே 14. ரம்புக்கா அதைத் தெரிந்து பொறுக்கினாரோ, தற்செயலோ, கப்பல் வந்து சரியாக 108 ஆண்டு கழித்துத்தான் துப்பாக்கி வந்தது.

கரும்பு முதலாளி ஆஸ்திரேலியக் கம்பெனி. 1970-ல் பிரிட்டிஷ் நீதிபதி டென்னிங் பிரபு, வருமானத்தில் 65 பங்கு விளைவிப்பவனுக்கு, 35 பங்கு ஆலைக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான்! 1973-ல் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். 1987-ல் பவந்த்ரா பதவியேற்றதும் 'தவுக்கேய் இயக்கம்' என்று ஒன்று வீதிக்கு வந்தது. சாலை மறியல், ஊர்வலம், இந்தியருக்கு எதிரான கூச்சல். அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் யார்? அப்பிசாய் தோரா! 28 வருஷத்துக்கு முன் இரண்டு இனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திய அதே கை, இப்போது பிரித்து வைத்தது. இடையிலே எத்தனை கட்சி மாறினார், எத்தனை பதவி வகித்தார் என்று எழுதினால் பத்திரிகை கொள்ளாது. 2020-ல் அவர் காலமானார். தொழிலாளர் அவரிடம் கொடுத்திருந்த நம்பிக்கையை இனத்தின் பெயரால் செலவழித்தார் என்பதே இந்த எழுத்தாளன் கணக்கு.

அந்த மண்ணின் மக்களுக்காவது விமோசனம் கிடைத்ததா? செப்டம்பரில் ரம்புக்கா இரண்டாம் முறையும் கவிழ்த்தார். 1990 அரசியல் சட்டம் பிரதம மந்திரி பதவியைத் தவுக்கேய்க்கே ஒதுக்கியது. 1992-ல் அந்த நாற்காலியில் ரம்புக்காவே அமர்ந்தார். ஆனால் சாதாரணத் தவுக்கேய் பெண்ணுக்குக் கிடைத்தது, வரிச் சலுகையோடு திறந்த துணித் தொழிற்சாலையில் சொற்பக் கூலிக்குத் தையல் மிஷின். பக்கத்து மிஷினில் இந்தியப் பெண், அதே சொற்பக் கூலிக்கு! மேலே உள்ளவர்களுக்கோ தேசிய வங்கி இருந்தது. செல்வாக்குள்ளோர் கடன் வாங்கினார்கள், திருப்பவில்லை. 1990-களின் நடுவில் வராக்கடன் 22 கோடி டாலர் அளவுக்கு வந்து நின்றது.

மீண்டும் ஒருமுறை தொழிற்கட்சி எழுந்தது. 1999 தேர்தலில் தொழிற்சங்கவாதி மகேந்திர சௌத்ரி பிரதம மந்திரியானார். ஒரே வருஷம்! 2000 மே 19-ல் ஜார்ஜ் ஸ்பைட் என்ற வியாபாரி ஆயுதத்தோடு பாராளுமன்றத்தில் நுழைந்து, மந்திரிகளை 56 நாள் பிணை வைத்தார். சௌத்ரி ஆட்சியால் மகாகனி மரக் கம்பெனித் தலைமையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். அப்போதும் உச்சரித்த மந்திரம் 'மண்ணின் மக்கள்'தான்.

2006 டிசம்பரில் இன்னொரு தளபதி, பைனிமராமா, இனபேதத்தை ஒழிப்பேன் என்று சொல்லியே கவிழ்த்தார். சௌத்ரியும் அந்த மந்திரி சபையில் நிதி மந்திரியாகப் போய் உட்கார்ந்தார். இதை எந்த நியாயத்தாலும் மூடி மறைக்க முடியாது. பைனிமராமா சில நல்லது செய்தார். குத்தகைப் பணத்தைத் தலைவனுக்கும் குடியானவனுக்கும் சமமாகப் பங்கிட்டார். ஆனால் 2011-ல் அதே கை, முக்கியத் தொழில்களில் வேலை நிறுத்த உரிமையை நெரிக்கும் ஆணையையும் கொண்டுவந்தது. இனத்தைச் சொல்லி வந்த துப்பாக்கியும் சங்கத்தைத்தான் சுட்டது, இனம் வேண்டாமென்று வந்த துப்பாக்கியும் சங்கத்தைத்தான் சுட்டது!

இன்றைய நிலை என்ன? 30 வருஷக் குத்தகைகள் 1997 முதல் முடிந்துகொண்டே வந்தன. ஆயிரக்கணக்கான கரும்புக் குடும்பங்கள் வெளியேறிச் சூவா ஓரத்துக் குடிசைகளுக்குப் போயின. வசதி உள்ளவன் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஜிலாந்துக்கும் கப்பலேறினான். தவுக்கேய் நிலம் தவுக்கேயிடம் திரும்பியது. ஆனால் பல வயலில் கரும்பு இல்லை, புதர்தான். 1994-ல் ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை தந்த தீவு, அண்மை ஆண்டுகளில் இரண்டு லட்சம் டன்னைத் தொடவும் தடுமாறுகிறது. அந்தக் குடிசைகளுக்குப் போய்ப் பார்த்தால், இந்தியக் குடும்பத்துக்கு அடுத்த தகரக் கூரையின் கீழ், கிராமத்தை விட்டுக் கூலி தேடி வந்த தவுக்கேய் குடும்பம் இருக்கிறது.

2022 டிசம்பரில் ரம்புக்கா மீண்டும் பிரதம மந்திரியானார். எந்தக் கட்சியின் மந்திரிகளை 1987-ல் லாரியில் ஏற்றினாரோ, அந்தத் தேசிய சமஷ்டிக் கட்சியின் கூட்டோடு! 2023 மே மாதம், ஒப்பந்தக் கூலிகளின் நினைவு நாளை முதன்முறையாகப் பொது விடுமுறையாக்கி, அதையொட்டி நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில் எழுந்து நின்று, 1987-ல் செய்ததற்காக இந்திய மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதுமையிலாவது கேட்டாரே, அதை மதிக்கலாம். டாக்டர் பவந்த்ரா அதைக் கேட்க இல்லை. 1989 நவம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார்.